தேர்வு முடிவுக்கு முன்பே அரசிதழ் கேட்ட விதி: 2021 பெயர் மாற்றத் தீர்ப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

2021 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இக்கு எதிரான ஒரு மேல்முறையீட்டில் தீர்ப்பு வழங்கியது. வழக்கின் எண் 2011ஆம் ஆண்டுக்குரியது. பெற்றோரின் பெயர்கள் தன் சான்றிதழில் சரியாக இல்லை, திருத்தித் தர வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டதுதான் அதன் தொடக்கம். வழக்குத் தொடுத்தபோது அவர் உரிய வயது நிரம்பாதவர்; பாதுகாவலர் வழியாகவே நீதிமன்றத்துக்கு வந்தார். டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத்தில் விடை கிடைப்பதற்குள் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒருவருக்கு அதிகம் தேவைப்படும் ஆண்டுகளும் அவையே.

அந்த ஒரு கோரிக்கையோடு நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த வேறு பல வழக்குகளையும் நீதிமன்றம் சேர்த்து விசாரித்தது. தன் பெயரில் எழுத்துப் பிழை என்றவர்கள், தாய் தந்தை பெயர் தவறு என்றவர்கள், பிறந்த தேதி மாறிப் பதிவாகிவிட்டது என்றவர்கள், பள்ளியை விட்டு வெளியேறிய பிறகு புதுப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். உயர் நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2020இல் மனுதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது; வேறு நீதிமன்றங்கள் வாரியத்தின் விதியை அப்படியே ஏற்றிருந்தன.

சிக்கலின் மையத்தில் இருந்தது வாரியத்தின் தேர்வுத் துணை விதிகளில் 69ஆம் விதி. அது பலமுறை திருத்தப்பட்டது. விண்ணப்பிப்பதற்கான கால வரம்பு ஒவ்வொரு திருத்தத்திலும் மாறியது. ஒரு வடிவம் சொன்னதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவற்றின் போக்கும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. பெயர் மாற்றம் கோரும் மாணவர், தேர்வு முடிவு வெளியாவதற்கு முன்பே அந்த மாற்றத்தை நீதிமன்றம் ஏற்றிருக்க வேண்டும். அரசிதழிலும் அது வெளியாகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவருக்கு வயது பதினைந்து, பதினாறு. தானாக ஒரு பத்திரத்தில் கையெழுத்திடவே தகுதியற்ற வயது. அந்த வயதிலேயே நீதிமன்றத்தையும் அரசிதழ் அலுவலகத்தையும் முடித்துவிட்டு வா என்பது அனுமதியின் வேடத்தில் வந்த தடை. பின்னாளில், சொந்தப் புத்தி தெளிந்த வயதில் பெயரை மாற்றிக்கொள்கிறவருக்கு அந்த விதியில் நுழைய ஒரு கதவும் இல்லை.

வாரியத்தின் தரப்பையும் கேட்க வேண்டும். அது வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அப்படி ஒதுக்க முடியாது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மாணவர்கள் தேர்வு எழுதுகிறார்கள். பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து வருகிறது. வாரியம் தானாக எந்தப் பெயரையும் எழுதுவதில்லை. நேற்று ஒரு பெயர், இன்று ஒரு பெயர் என்று பழைய பதிவேடுகளைத் திறந்துகொண்டே இருந்தால், சான்றிதழ் என்ற காகிதத்தின் மேல் வேலை கொடுப்பவருக்கோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ நம்பிக்கை எங்கிருந்து வரும்? பெயரை மாற்றிக்கொண்டு கடனிலிருந்தும் குற்ற வழக்கிலிருந்தும் நழுவுகிறவர்கள் உண்டு என்பதும் கற்பனையில்லை. இந்தக் கவலைகளை நீதிமன்றம் தள்ளிவிடவில்லை. அவற்றுக்கு இவ்வளவு பெரிய பூட்டு தேவையா என்றுதான் கேட்டது.

நீதிபதி ஏ.எம். கான்வில்கர் எழுதிய தீர்ப்பு. உடன் இருந்தவர்கள் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கிருஷ்ண முராரி. வாரியம் பதிவு செய்யப்பட்ட சங்கமாக இருந்தாலும் அதன் துணை விதிகளுக்குச் சட்ட வலிமை உண்டு என்று முதலில் முடிவு செய்தார்கள். இது வாரியத்துக்குச் சாதகம் போலத் தோன்றும். உண்மையில் இருமுனை கொண்ட முடிவு. சட்ட வலிமை உண்டென்றால், அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளோடு அந்த விதிகள் பொருந்துகின்றனவா என்ற உரசிப் பார்த்தலும் உண்டு. அடுத்த படியில் நீதிமன்றம் அதையே செய்தது. ஒருவரின் பெயர் அவருடைய அடையாளத்தின் பகுதி. தன் அடையாளத்தைத் தானே ஆளும் உரிமை, கருத்து வெளிப்பாட்டு உரிமையான 19(1)(அ) கூறுக்குள்ளும் வாழ்வுரிமையான 21ஆம் கூறுக்குள்ளும் அடங்கும். அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். கதவையே சுவராக்கிவிடும் கட்டுப்பாடு நியாயமானதல்ல.

இந்த உரிமைப் பேச்சைவிட, தீர்ப்பின் பின்பகுதியில் நீதிமன்றம் போட்டுக் கொடுத்த வழித்தடமே நடைமுறையில் முக்கியம் என்பது என் கருத்து. செய்தித்தாள்கள் முதல் பகுதியைத் தலைப்பாக்கின. விண்ணப்பிக்கிறவர் படிக்க வேண்டியது இரண்டாவது பகுதி.

முதலில் வருவது திருத்தம். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், வாரியத்தின் சான்றிதழில் வேறு எழுத்து என்றால், அது பெயர் மாற்றமே இல்லை. பதிவேட்டில் உள்ளதைச் சான்றிதழுக்குக் கொண்டுவருவது மட்டும்தான் வேலை. வாரியம் மறுக்கக் காரணமில்லை. பிரமாணப் பத்திரம், கட்டணம், மூன்றாம் நபர் யாரேனும் உரிமை கோரினால் வாரியத்துக்கு இழப்பு வராது என்ற உறுதி ஆகியவற்றைக் கேட்கலாம். பழைய ஆவணங்களை எத்தனை ஆண்டு பாதுகாக்கும் பொறுப்பு வாரியத்துக்கு உண்டோ, அதையொட்டி நியாயமான கால வரம்பையும் வைக்கலாம்.

அடுத்தது, பள்ளிப் பதிவேட்டிலேயே ஒரு பெயர் நுழைந்துவிட்டது, ஆனால் பிறப்புச் சான்றிதழிலோ ஆதாரிலோ வாக்காளர் அட்டையிலோ வேறு பெயர் இருக்கிறது என்ற நிலை. இங்கே நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தின் பழைய கொள்கை ஒன்றைக் கையில் எடுத்தது. அரசு அலுவலர் தன் கடமையின் பகுதியாகத் தந்த பொது ஆவணம் சரியானது என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும். பிறப்புப் பதிவாளர் தந்த சான்றைக் கல்வி வாரியம் சந்தேகத்தோடு ஒதுக்கிவிட்டு, பள்ளி எழுத்தர் எழுதியதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. இந்த வகையில் வருகிறவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

கடைசியாக, எந்தப் பழைய ஆவணத்திலும் இல்லாத ஒரு பெயரைத் தன் விருப்பத்தால் ஏற்பவர். இவருக்கு மட்டும் நீதிமன்றத்தின் முன் அனுமதி அல்லது விளம்புகை (இன்ன உரிமை இவருக்கு உண்டு என்ற நீதிமன்ற அறிவிப்பு), அதன்பின் அரசிதழ் வெளியீடு, பழைய சான்றிதழை ஒப்படைத்தல் என்ற முழுப் பாதை. தேர்வு முடிவுக்கு முன் என்ற நிபந்தனை போய்விட்டது.

இந்த மூன்றாவது பாதையில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. உரிமை அடிப்படையானது என்று சொன்ன அதே தீர்ப்பு, அதை அடைய உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போ என்கிறது. 1963ஆம் ஆண்டுத் தனித்துவத் தீர்வழிகள் சட்டத்தின் (Specific Relief Act) 34ஆம் பிரிவில் விளம்புகை வழக்குத் தொடுப்பதென்றால் வழக்கறிஞர் கட்டணம், வாய்தா, சாட்சி என்று நீளும். எதிர்த்தரப்பே இல்லாத வழக்கு அது. விண்ணப்பதாரரின் நோக்கம் நேர்மையானதா என்று வாரியம் ஆராய முடியாது, நீதிமன்றமே ஆராய முடியும் என்ற வாதம் புரிகிறது. வசதி உள்ளவருக்கு அது சிறு தொந்தரவு. மற்றவருக்கு அது மறுப்புக்குச் சமம். பெயரைத் தன் விருப்பத்தால் மாற்றிக்கொள்கிறவர்களில் சாதிப் பின்னொட்டைக் கழற்றுகிறவர்கள், கொடுமையான தந்தையின் பெயரை விட்டு விலகுகிறவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றச் செலவை அவர்கள் தலையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பெயர் மாற்றப் பத்திரம் என்ற காகிதம் இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். இந்தியாவில் பெயர் மாற்றத்துக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. இருப்பது, மத்திய அரசு ஊழியர்களுக்காக உள்துறை அமைச்சகம் 1987 மார்ச் 12 அன்று வெளியிட்ட ஓர் அலுவலகக் குறிப்பாணை. புதுப் பெயர் ஏற்க விரும்பும் ஊழியர் பெயர் மாற்றப் பத்திரம் ஒன்றை எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும். பிறகு உள்ளூரில் பரவலாக வாசிக்கப்படும் செய்தித்தாளிலும், இந்திய அரசிதழின் நான்காம் பகுதியிலும் தன் செலவில் வெளியிட வேண்டும். அதன் பின்னரே அலுவலகப் பதிவேட்டில் புதுப் பெயர் ஏறும். திருமணத்தால் பெயர் மாற்றும் பெண் ஊழியருக்கு இந்தச் சுற்று இல்லை. முறைப்படி தகவல் தந்தால் போதும்.

அந்தப் பத்திரத்தின் மாதிரியைப் படித்துப் பார்த்தால், அதில் அரசு எந்த இடத்திலும் பேசுவதில்லை என்பது தெரியும். பேசுகிறவர் பெயரை மாற்றிக்கொள்கிறவர் மட்டுமே. முன்பு இருந்த பெயரை முற்றாகத் துறக்கிறேன், கைவிடுகிறேன். அதற்குப் பதிலாக இன்ன பெயரை இன்று முதல் ஏற்கிறேன். இனி எல்லா ஆவணங்களிலும், எல்லாக் கொடுக்கல் வாங்கல்களிலும் இதையே எழுதிக் கையெழுத்திடுவேன். உறவினர், நண்பர், மற்ற எல்லாரும் என்னை இந்தப் பெயராலேயே அழைக்கும்படி வேண்டுகிறேன் என்பதுதான் அதன் சாரம். இங்கிலாந்தில் ஒருவர் தனியாகக் கையெழுத்திட்டுப் பெயர் மாற்றிக்கொள்ளும் பத்திரத்தின் வாசகம் ஏறக்குறைய இதுவே. காலனி ஆட்சி விட்டுச்சென்ற எழுதுமேசையிலிருந்து நம் அலுவலக நடைமுறைக்குள் அது அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் பதினாறு வயது நிரம்பியவர் அதை எழுதிக்கொள்ளலாம். பதினெட்டு வயதானவர் விரும்பினால் லண்டனில் உள்ள அரச நீதிமன்ற வளாகத்தில் பதிவும் செய்துகொள்ளலாம். பதிவு கட்டாயமில்லை. 1972இல் பாடகர் எல்டன் ஜான் தன் பிறவிப் பெயரை விட்டு இந்தப் பெயருக்குச் சட்டப்படி வந்தது இந்தப் பத்திரத்தின் வழியாகத்தான்.

ஆகப் பத்திரம் பெயரைத் தருவதில்லை. ஒருவர் இன்ன நாளில் இன்ன பெயரை ஏற்கத் தீர்மானித்தார் என்பதற்கு அது சான்று. செய்தித்தாள் விளம்பரம் ஊராருக்கு அறிவிப்பு. அரசிதழ்? பெரும்பாலானவர்கள் அரசிதழில் பெயர் வந்துவிட்டால் அரசே ஒப்புக்கொண்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புகள் வெளியாகும் ஆறாம் பகுதி நான்காம் பிரிவைப் புரட்டினால், முகப்பிலேயே அந்த எண்ணத்துக்கு எதிரான ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். பெயர் மாற்ற விளம்பரங்களுக்குச் சட்டப் பொறுப்பு எதையும் அரசு ஏற்காது. அறிவிப்புக் கொடுத்தவரே அதன் சட்ட விளைவுகளுக்கும் பொய்த் தகவலுக்கும் முழுப் பொறுப்பு என்று எழுதுபொருள் அச்சுத் துறை இயக்குநரின் பெயரில் அந்தக் குறிப்பு வருகிறது. அரசாங்கத்தின் அச்சகமே நான் அச்சடிப்பவன் மட்டும் என்று கை கழுவிக்கொள்ளும் பக்கம் அது.

அந்தப் பக்கங்களைப் படிப்பது தனி அனுபவம். இன்ன தேதியில் பிறந்த, பூர்வீக மாவட்டம் இன்னது, இன்ன முகவரியில் குடியிருக்கும் நான் இனி இன்ன பெயரால் அறியப்படுவேன் என்று ஒரே அச்சில் வார்த்த வரிகள், வாரந்தோறும். குழந்தைகளுக்காகப் பெற்றோர் கொடுத்தவை நிறைய. மாற்றம் என்று எதுவுமே கண்ணில் படாத அறிவிப்புகள் உண்டு. உற்றுப் பார்த்தால் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கும். எண் கணிதத்தின் கைங்கரியம். அந்த ஓர் எழுத்துக்காக அதன் பின் ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு என்று அலைவதற்கு அதிர்ஷ்டம் ஈடு கட்டுகிறதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். மதம் மாறியவர்களின் அறிவிப்புகளும் உண்டு. அவற்றோடு பெருமளவில் வருவது இனிஷியல் தொல்லை.

தமிழர்களுக்கு இந்தத் தீர்ப்பு உறைக்கும் இடம் அந்த இனிஷியல்தான். தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு, குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமல் வாழும் நம் வழக்கம், முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டம் போட்ட படிவங்களில் மாட்டிக்கொள்கிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழிலோ இனிஷியலோடு நிற்கும் பெயர். ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயரோடு கடவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு 2022 நவம்பர் 21 முதல் இன்னொரு தலைவலி வந்தது. ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைவு இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கம் வந்த பிறகே விமான நிலையங்களில் பதற்றம் தணிந்தது.

இனிஷியல் சிக்கலோடு வருகிறவர்கள் செய்யும் பொதுவான தவறு, இனிஷியலை விரித்து எழுதுவதையே பெயர் மாற்றமாக எண்ணி நேராக அரசிதழ் விண்ணப்பத்தை எடுப்பது. தந்தையின் முழுப் பெயர் அதே சான்றிதழிலேயே அடுத்த வரியில் இருக்கும். பிறப்புச் சான்றிதழிலும் இருக்கும். தீர்ப்பு காட்டிய அளவுகோலில் பார்த்தால் அது முதல் இரண்டு வகைகளுக்குள் அடங்கிவிடும் கோரிக்கை. விண்ணப்பத்தின் தலைப்பிலேயே பெயர் மாற்றம் என்று எழுதிக் கொடுத்தால், அலுவலகமும் மூன்றாம் வகையின் ஆவணங்களை எல்லாம் கேட்கத் தொடங்கும். பாதி வழக்குகள் இந்தத் தலைப்பிலேயே பிறக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

சாதிப் பின்னொட்டின் கதை வேறு. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பெயர்களைக் கைவிடத் தீர்மானித்தபோது, யாரும் அரசிதழைத் தேடி ஓடவில்லை. பெயருக்குப் பின்னாலிருந்ததை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார்கள். ஊரும் அப்படியே அழைக்கத் தொடங்கியது. பெயர் என்பது புழக்கத்தால் நிலைபெறுவது என்ற பழைய சட்டக் கருத்துக்கு இதைவிடப் பெரிய அளவிலான உதாரணம் கிடைப்பது அரிது. ஒவ்வோர் அட்டையும் இன்னோர் அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும் இந்தக் காலத்தில் அந்தச் சுதந்திரம் சுருங்கிவிட்டது. ஆதாரில் பெயரை வழக்கமான முறையில் மாற்ற வாழ்நாளில் இரண்டு வாய்ப்புகள்தான்.

பிறப்புச் சான்றிதழ் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் வேர் அதுதான், அதை முதலில் மாற்றிவிடுவோம் என்று போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பிழையாகவோ மோசடியாகவோ பதிவானதைத் திருத்தத்தான் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. பெயரில்லாமல் பதிவான குழந்தைக்குப் பின்னர் பெயர் சேர்க்கவும் அதே சட்டத்தில் வழியுண்டு. முறையாகப் பதிவான பெயரை, இப்போது பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற அதில் இடமில்லை. பிறந்த நாளன்று என்ன பெயர் இருந்ததோ அதைச் சொல்வதே அந்தப் பதிவேட்டின் வேலை என்பது சட்டத்தின் பார்வை.

தீர்ப்புக்குப் பிறகு எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. 2023 மே மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், உத்தரப் பிரதேசக் கல்வி வாரியத்தின் கால வரம்பு விதி அடிப்படை உரிமைகளுக்கு முரணானது என்று சொல்லி, மனுதாரரின் புதுப் பெயரில் சான்றிதழ் தர உத்தரவிட்டார். பெயரைத் தேர்ந்துகொள்வது அடிப்படை உரிமை என்றது அந்தத் தீர்ப்பு. பின்னர் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. உரிமை உண்டு, நியாயமான கட்டுப்பாடுகளும் உண்டு என்ற உச்ச நீதிமன்ற வாக்கியத்தின் எந்தப் பாதியை அழுத்திப் படிப்பது என்பதில்தான் இப்போதைய இழுபறி எல்லாம்.

திருநர்களுக்கு நாடாளுமன்றமே தனிப் பாதை போட்டது. 2014இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2019இல் வந்த சட்டம், மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றைக் கொண்டு பிறப்புச் சான்றிதழ் உட்பட அரசு ஆவணங்களில் முதற்பெயரை மாற்ற வழிசெய்தது. விளம்புகை வழக்கைத் தவிர்த்து, நிர்வாக அதிகாரி ஒருவரின் மட்டத்திலேயே பெயர் மாற்றத்தை முடிக்கலாம் என்பதற்கு நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கும் முன்மாதிரி அது. மற்றவர்களுக்கு ஏன் அது போதாது என்பதற்கு 2021 தீர்ப்பில் விடை கிடையாது.

புதுச் சான்றிதழின் தோற்றம் பற்றியும் அந்தத் தீர்ப்பு ஒரு முடிவு சொன்னது. பழைய பதிவு அழிக்கப்படாது. புதிய விவரத்தோடு பழையதும் இருக்கும். எந்தத் தேதியில், எந்த ஆவணத்தின் அடிப்படையில் மாற்றம் பதிவானது என்ற குறிப்பும் இருக்கும். வாரியத்தின் பொறுப்புத் துறப்பு வரியும் சேரும். வேலைக்கு எடுப்பவருக்கு ஆள் ஒருவரே என்று தெரிய இது உதவும். எழுத்துப் பிழை திருத்தியவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் எந்தப் பெயரிலிருந்து விலகி வந்தாரோ அதே பெயரை ஒவ்வொரு நேர்காணலிலும் மேசைமேல் வைக்க வேண்டிய நிலை மூன்றாம் வகையினருக்கு. மறக்கப்படும் உரிமையை, அதாவது தன் பழைய விவரம் பிறர் கண்ணில் படாமல் நீக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமையைப் பயன்படுத்திப் பெயர் மாற்றியவர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டு நீதிமன்றம் நகர்ந்துவிட்டது. அந்த விலக்கைக் கேட்பவர் யாரிடம் கேட்க வேண்டும், எதைக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்பதைத் தீர்ப்பு விரித்துச் சொல்லவில்லை. பழைய பெயர் தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர், விளம்புகை கோரும் மனுவிலேயே இந்த விலக்கையும் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்பதுதான் இன்றைக்குப் பாதுகாப்பான வழி. விளம்புகை கிடைத்து, புதுச் சான்றிதழும் அச்சான பிறகு அந்தக் குறிப்பை நீக்கக் கோருவதென்றால் இன்னொரு வழக்குக்குத் தயாராக வேண்டும்.